இரண்டு கிளினிக் கொப்பிகளுக்கு நடுவே

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் ஆபத்து, அத்தொற்று இல்லாத பெண்ணுக்கு உள்ளதைவிட ஆறு மடங்கு அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் கணக்கு. 2017ஆம் ஆண்டு வவுனியாவில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் என்னைப் பதிவுசெய்த அன்றே அங்கிருந்த டொக்டர் இதைச் சொன்னார். ஆனால் எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்ட அன்று வேறெந்தச் சொல்லும் ஒரு மனுசிக்குக் காதில் ஏறாது என்பதை அந்தக் கதிரையில் இருந்தவர்கள் அறிவார்கள். பின்னர் ஆண்டுக்கணக்கில், சிலவற்றைக் கேட்டும் சிலவற்றை என் உடம்பிலேயே பட்டும் அறிந்துகொண்டேன். வன்னியில் என்னைப் போல் எச்.ஐ.வி.க்குக் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும், அவர்களைக் கிளினிக்குகளில் சந்திக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் அவை பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் ஏன் சொல்லவில்லை என்று விளக்கத் தேவையில்லை. ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எங்கோ ஒரு கச்சான் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். வந்த பின் விடாத இருமலும் மாலைக் காய்ச்சலுமாகக் கிடந்தார். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது வழக்கம் என்பதால் அதுவும் தெரிந்தது, அதன் பின் என்னையும் அழைத்தார்கள். எங்கள் மகளுக்குத் தொற்று இல்லை. எனக்கு இருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 கலங்களின் எண்ணிக்கை அப்போதே 200க்குக் கீழே இறங்கியிருந்தது, அதாவது அந்த வைரஸ் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் என்னுள் இருந்திருக்கிறது. கருப்பைக் கழுத்துக்கு இந்த எண் முக்கியமானது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. எதிர்ப்புச் சக்தி ஒருமுறை மிகக் கீழே போய் வந்த பெண், பிறகு குளிசையால் நன்றாகத் தேறியிருந்தாலும், அந்த இடைக்காலத்தில் கருப்பைக் கழுத்தில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

எச்.ஐ.வி. தானாக இந்தப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. அதற்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் வேறொரு வைரஸ். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும், 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமாகின்றன. தாம்பத்திய வாழ்வில் நுழைந்த ஆண், பெண் அநேகமாக எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது எச்.பி.வி. தொற்றுகிறது. தோலோடு தோல் உரசுவதாலேயே தொற்றக்கூடியது என்பதால் ஆணுறை பாதுகாப்பைக் கூட்டும், முழுதாகத் தடுக்காது. பெரும்பாலானவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை வெளியேற்றிவிடும். அந்த வெளியேற்றும் வேலையைச் செய்ய வேண்டிய கலங்களைத்தான் எச்.ஐ.வி. அழிக்கிறது. ஆகவே எச்.பி.வி. போகாமல் தங்குகிறது, தங்கிய இடத்திலுள்ள கலங்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்குகின்றன. சாதாரண எதிர்ப்புச் சக்தியுள்ள பெண்ணில் அந்த மாற்றம் புற்றுநோயாக முற்ற 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும் என்றால், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெறாத பெண்ணில் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். 1993ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், பரவும் நிலையை அடைந்த கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை எயிட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எயிட்ஸ் உலகுக்குத் தெரியவந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த இரண்டு வைரஸ்களுக்கும் ஒரே பரிசு கிடைத்த கதையை, சிகிச்சைக் காலத்தில் ஒரு தாதி எனக்குச் சொன்னார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. காரணம் என்று காட்டிய ஹரால்ட் ட்ஸுர் ஹவுசனுக்கும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞ்ஞே ஆகிய இருவருக்கும் 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டதாம். அந்த ஒக்டோபரில் நாங்கள் போரில் இடம்பெயர்ந்து, கைக்குழந்தையோடு தர்மபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். உலகச் செய்தி ஒன்றும் எங்களுக்கு எட்டாத காலம் அது.

கிராமத்தில் எங்களுக்குத் தெரிந்தது சுகவனிதையர் கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் அந்தக் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் இயங்குகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம் ஆகியவற்றோடு கருப்பைக் கழுத்தையும் அங்கே பார்க்கிறார்கள். முதன்மையாக 35, 45 வயதுப் பெண்களைத்தான் அழைக்கிறார்கள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் நல்ல மனுசி. எனக்கு 35 வயதானதும் வீடு தேடி வந்து, “பிள்ளை, உமக்கு வயது வந்திட்டுது, வெள்ளிக்கிழமை வாரும்” என்றார். அந்த அழைப்பு எச்.ஐ.வி. இல்லாத பெண்ணின் கணக்கில் சரியானது. என் கணக்கில் அது பிந்தியது. 2021இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து சோதனையைத் தொடங்கச் சொல்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கோ 25 வயதிலிருந்தே. அந்த வைரஸ் இருக்கிறதா என்றே நேராகத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையாக இருந்தால் மற்றவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை, எங்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. கருப்பைக் கழுத்துக் கலங்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனையைப் பொறுத்தவரை, என்னைப் பார்க்கும் கிளினிக்கில் ஆண்டுதோறும் வரச் சொல்லியிருந்தார்கள். 35 வயதில் சாதாரணம் என்று முடிவு வந்த ஒரு பெண், இனி 45 வயதில் பார்த்தால் போதும் என்று வீட்டில் இருக்கலாம். அந்தப் பத்து ஆண்டு இடைவெளி எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு புற்றுநோய் தொடங்கி முற்றுவதற்குப் போதுமான காலம்.

ஆக என்னிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. வவுனியாக் கொப்பியில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே. கிராமத்துக் கொப்பியில் பெயர், கணவர் பெயர், வீட்டு இலக்கம் எல்லாம் இருக்கும், எச்.ஐ.வி. இருக்காது. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது. இரகசியத்தைக் காப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். அந்த இலக்கம் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் கிளினிக் வாசலையே மிதித்திருக்க மாட்டோம். முல்லைத்தீவு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க, மாங்குளம் போய், கண்டி வீதியில் பஸ் மாறி வவுனியா வரைக்கும் நான் போவதற்கும் அதுதான் காரணம். ஆனால் இரண்டு கொப்பிகளையும் பொருத்திப் பார்க்கும் வேலை நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பப் பரிசோதனை செய்து, அடுத்தது எப்போது என்று முடிவெடுப்பவருக்கு மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த முடிவே அதைப் பொறுத்தது. ஆகவே இயலுமானவரை அந்தப் பரிசோதனையைப் பாலியல் நோய்க் கிளினிக்கிலேயே செய்துகொள்வது நல்லது. வீடு தேடி வந்த மிஸ்ஸுக்கு, “எனக்கு வவுனியாவில் எடுக்கிறவை, மிஸ், வேறொரு சுகயீனத்துக்குப் போற இடத்தில்” என்று நான் சொன்ன பதில் அவருக்குப் போதுமாயிருந்தது. அது பொய்யும் அல்ல.

பரிசோதனையைப் பற்றி எங்கள் பெண்களிடம் உள்ள பயம், அதைப் பற்றி யாரும் வாய்திறந்து கதைக்காததால் வளர்ந்த பயம். உள்ளாடையைக் கழற்றிவிட்டு, பாவாடையை மேலே உயர்த்தி, ஒரு கட்டிலில் முழங்காலை மடித்துக் கிடக்க வேண்டும். கொக்கின் அலகு போன்ற ஸ்பெக்குலம் என்ற கருவியை உள்ளே வைத்துத் திறப்பார்கள். குளிர்ச்சியாக இருக்கும், அமுக்குவது போல் இருக்கும், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வாயால் விட்டால் தசை தளர்ந்து நோவு குறையும். கருப்பைக் கழுத்திலிருந்து ஒரு சிறு மரத் தகட்டாலோ பிரஷ்ஷாலோ கலங்களைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பூசி, மதுசாரத்தில் இட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பந்தியை நீங்கள் வாசித்து முடிக்கும் நேரம்தான் பிடிக்கும். மாதவிடாய் நாட்களில் செய்ய முடியாது. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்களுக்கு உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்துகள், யோனியின் உட்புறத்தைக் கழுவுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். கிளினிக்குக்குப் போவதென்றால் விடியக் காலையில் சவர்க்காரம் போட்டு உள்ளேயும் கழுவிவிட்டுப் போவது எங்கள் பெண்களின் மரியாதைப் பழக்கம். அதனால் கண்ணாடித் துண்டில் போதிய கலங்கள் இல்லாமல் போய், இன்னொரு தடவை வர வேண்டியும் வரலாம். சோதிப்பவர் ஆணாக இருந்தால் ஒரு தாதி கூடநிற்க வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

2017இல் எடுத்த முதல் பரிசோதனையில் அழற்சி மட்டுமே என்று வந்தது. அடுத்தடுத்தவையும் சாதாரணம். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது குளிசைகள் எப்படியோ வேறு வழிகளில் கைக்கு வந்து சேர்ந்தன, பரிசோதனை மட்டும் விடுபட்டுப் போனது. 2021இல் எடுத்தபோது உயர் நிலை மாற்றம் என்று அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையில் ‘புற்றுநோய்’ என்ற சொல் இல்லை. ஆனாலும் வாசித்தவுடன் அதைத்தான் நினைப்போம். கலங்களின் மாற்றத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் நிலை பெரும்பாலும் தானாக மறைந்துவிடும், இரண்டாம், மூன்றாம் நிலைகளைச் சிகிச்சை செய்யாமல் விட்டால் அவற்றில் ஒரு பகுதி புற்றுநோயாகும். மூன்றாம் நிலைகூடப் புற்றுநோய்க்கு முந்திய நிலையே, அதை அந்த இடத்திலேயே அகற்றிவிட முடியும். இந்தப் பரிசோதனையை வருந்தி வருந்திச் செய்வதன் பயன் இதுதான், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் நோவு இருக்காது, இரத்தம் போகாது, உடம்பு எந்த அறிகுறியையும் காட்டாது. நான் அந்த மாதங்களில் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை.

கொல்போஸ்கொபி என்ற அடுத்த சோதனைக்கு வேறொரு ஆஸ்பத்திரியின் பெண்ணோயியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கோப்பின் மேல்மட்டையில், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில், சிவப்பு மையால் ஒரு குறியைப் போட்டு, காலையில் முதலில் வந்த என்னைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார்கள். கருவிகளைத் தொற்றுநீக்கம் செய்யும் முறை எல்லா நோயாளிகளுக்கும் ஒன்றே என்றும், அதில் எச்.ஐ.வி. அழிந்துவிடும் என்றும், அதற்காக ஒருவரைக் கடைசியில் வைக்கத் தேவையில்லை என்றும் வவுனியாக் கிளினிக்கில் பின்னர் விளக்கினார்கள். அவர்களே அந்தப் பிரிவுடன் கதைத்தார்கள். அடுத்த முறை அந்தக் குறி இருக்கவில்லை. இப்படி நடந்தால் சண்டை பிடிக்கத் தெம்பில்லாவிட்டாலும், உங்களை அனுப்பிய கிளினிக்கில் திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் அடுத்தவளுக்கும் அதே மைதான்.

கொல்போஸ்கொபியில் கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறார்கள். வினாகிரியில் உள்ள அதே அமிலத்தைத் தண்ணீரோடு கலந்து பூசினால் மாறிய கலங்கள் வெள்ளையாகத் தெரியும். டொக்டர் திரையைத் திருப்பி எனக்கும் காட்டினார்: இளஞ்சிவப்பு நிறத்துக்கு நடுவில், ஒரு பக்கமாக, கரை தெளிவாக வகுத்த வெள்ளைத் திட்டு. அதைப் பார்த்த பின் பயம் குறைந்தது. அதற்கு ஒரு அளவும் எல்லையும் இருப்பது தெரிந்தது. துண்டு எடுத்துச் சோதித்ததில் மூன்றாம் நிலை என்று உறுதியானது. மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்தார்கள். விறைப்பூசி போட்டதால் வெட்டு நோகவில்லை, ஊசி குத்தியபோது நொந்தது, கருகும் மணம் வந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த சில வாரங்கள் கறுப்புக் கலந்த மண்ணிறக் கசிவு இருந்தது. பாரம் தூக்கக் கூடாது, உள்ளே எதையும் வைக்கக் கூடாது, ஒரு மாதத்துக்கு உடலுறவு கூடாது என்றார்கள். எங்கள் வீடுகளில் பாரம் தூக்காதே என்றால் பெரிய சாமானைத்தான் நினைப்பார்கள். கிணற்றில் அள்ளிய வாளியும் குடமும் அதில் அடங்கும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு டொக்டர் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது. புண் ஆறும் வரை உடலுறவைத் தவிர்ப்பது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னும் முக்கியம். சீலை நனையும் அளவுக்கு இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், கெட்ட மணம் வந்தால் திகதியைப் பார்த்திராமல் போக வேண்டும்.

அகற்றியதோடு கதை முடிவதில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களில் அந்த மாற்றம் திரும்ப வருவது மற்றவர்களைவிட அதிகம் என்பதால், ஓராண்டில் ஒரு சோதனை, அது நன்றாக வந்தாலும் அடுத்த ஆண்டில் இன்னொன்று, அதற்குப் பிறகே வழமையான ஒழுங்குக்குத் திரும்பலாம். சீவி எடுத்த துண்டின் அறிக்கையில் கரைகளில் மாற்றம் உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள், முடிந்தால் அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களுக்கு இடையில் ஓடும் கடதாசி தொலைவது அரிதான விடயமல்ல.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி வைரஸ் அளவைப் பற்றியது. ஒழுங்காகக் குளிசை எடுத்து, இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவினால் அது அடுத்தவருக்குத் தொற்றாது. இது நிறுவப்பட்ட உண்மை, எங்கள் குடும்ப வாழ்வைத் திருப்பித் தந்த உண்மையும் கூட. ஆனால் அந்த நல்ல செய்தி எச்.ஐ.வி.யைப் பற்றியது மட்டுமே. எச்.பி.வி.யை அந்தக் குளிசைகள் கொல்வதில்லை. நேரத்துக்குத் தொடங்கித் தவறாமல் எடுக்கும் சிகிச்சை எதிர்ப்புச் சக்தியைத் தூக்கிவிடுவதால் கருப்பைக் கழுத்துக்கும் உதவுகிறது, ஆபத்து குறைகிறது, ஆனால் இல்லாமற்போவதில்லை. 2021இல் எனக்கு அந்த அறிக்கை வந்தபோது என் இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத நிலையில் இருந்தது.

கிளினிக்கில் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். கணவரை இழந்து நெடுங்காலம். அவரைப் பற்றி எழுத அவரிடமே கேட்டேன், பெயரை விட்டு எழுது என்றார். போருக்குப் பின் வன்னியில் தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் உள்ள ஒரு நினைப்பே அவரிடமும் இருந்தது: கணவன் இல்லாத தனக்கு எதற்கு அந்தச் சோதனை, கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள். எச்.பி.வி. தொற்றியது இருபது ஆண்டுகளுக்கு முன்னராகவும் இருக்கலாம். அது உள்ளே கிடந்து வேலை செய்வதற்கு இப்போது ஒரு கணவன் இருக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்று பல காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரத்தக் கசிவு வந்தது. நின்றது திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்து, உடற்சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். நாரி நோவும் ஒரு காலில் வீக்கமும் வந்த பிறகே காட்டினார். அப்போது சத்திரசிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கதிர்ச்சிகிச்சையும் அதோடு மருந்தேற்றலும் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் யாரோ அவருக்கு, ஒன்றையொன்று முறிக்கும், எச்.ஐ.வி. குளிசையை நிறுத்து என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தவே கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் தேவைப்படும் நேரம் அது. புற்றுநோய் வைத்தியருக்கு அந்தக் குளிசைகளின் பெயர்களைக் காட்ட வேண்டும், ஏனென்றால் இந்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் சிஸ்பிளாற்றின் என்ற மருந்தும், எங்களில் பலர் எடுக்கும் டெனோபொவிர் என்ற மருந்தும் இரண்டுமே சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. இரண்டு வைத்தியர்களும் கதைத்து ஒன்றை மாற்றவோ அளவைச் சரிசெய்யவோ வழி இருக்கிறது. அக்காவுக்கு அப்படித்தான் குளிசை மாற்றினார்கள். அவர் இன்று எங்களோடு இருக்கிறார், ஆனால் கதிர்ச்சிகிச்சை குடலில் விட்டுச் சென்ற தொல்லையால் நீண்ட பஸ் பயணம் அவருக்குப் பெரும்பாடு. எனக்கு அரைமணி நேரத்தில் சீவி எடுத்ததும் அவருக்குப் பல மாதங்கள் எரித்ததும் ஒரே நோயின் இரு முனைகள். உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய்களுக்கு இடையில் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல் ஆகிய எதுவாக இருந்தாலும், போன மாதச் சோதனை சாதாரணம் என்று வந்திருந்தாலும், உடனே காட்ட வேண்டும்.

அறுவடைக் காலத்தில் அல்லது பிள்ளைகளை விட்டுப் போக முடியாத நேரத்தில் குளிசையைக் கணவரோ தம்பியோ எடுத்துவருவது எங்கள் பக்கத்தில் சாதாரணம், கிளினிக்கும் அதற்கு இடம்கொடுக்கிறது. வைரஸ் அளவும் நன்றாக இருந்தால் ஆளையே கிளினிக் காணாமல் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும், பப் பரிசோதனையும் விடுபட்டுவிடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காகத் திகதி மாற்றியவர்கள் உண்டு, நல்ல காரியம், ஆனால் மாற்றிய திகதிக்கு ஆள் நேரில் போக வேண்டும்.

மகளின் விடயத்தில் நாடு எங்களுக்கு முந்திக்கொண்டது. 2017ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. என் மகளுக்கு 2019இல் சம்மதக் கடிதம் வந்தபோது, பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமாம் என்ற கதை ஊரில் அடிபட்டது. கையெழுத்துப் போடாத தாய்மாரும் இருந்தார்கள். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, பிள்ளைப்பேற்றை அது பாதிப்பதும் இல்லை. எச்.ஐ.வி.யோடு வளரும் பெண்பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பானது. அவர்களுக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று தடவை போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, ஆகவே அப்பிள்ளைகளின் பெற்றோர் பாடசாலையில் போட்டதோடு விடாமல் கிளினிக்கில் கேட்க வேண்டும். தடுப்பூசி எல்லா எச்.பி.வி. வகைகளையும் தடுக்காது என்பதால், போட்ட பிள்ளையும் உரிய வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும். என் மகளுக்கு அதன் காரணத்தை முழுதாகச் சொல்லியிருக்கிறேன், என் நோயையும் சேர்த்து.

தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மாரின் வழமையான இரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்ததுதான் அதற்குப் பெருமளவில் வழிசெய்தது. தனியாக ஓரிடத்துக்குப் போகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? கருப்பைக் கழுத்துச் சோதனையும் குளிசை கொடுக்கும் மேசைக்கு அவ்வளவு பக்கத்தில் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அறிக்கை வந்ததா, யார் பார்த்தது, அடுத்தது எப்போது என்ற மூன்றும் வைரஸ் அளவைப் போலவே அந்த இலக்கக் கொப்பியில் ஒரு நிரலாக இருந்தால், நோயாளி மறந்தாலும் கொப்பி மறக்காது. அப்படி ஒரு நிரல் இல்லாத கொப்பியில் நான் பின்மட்டையில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன், டொக்டரும் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்க்கிறார்.

எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம், அதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொள்கிறது. ஒரு மென்மையான குச்சியை உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்தால் போதும். கட்டிலும் ஸ்பெக்குலமும் அதற்குத் தேவையில்லை. அந்தப் பரிசோதனை நாட்டின் சில இடங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்கள் கிளினிக்குகளுக்கு அது முழுதாக வந்தால், வெட்கத்தால் தள்ளிப்போடும் பெண்களில் பெரும்பகுதியினர் செய்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன், எதற்கும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அடுத்த திகதி மாசியில், காலபோக அறுவடைக்கு நடுவில் விழுகிறது. அதைத் தைப்பொங்கலுக்கு முன்னுக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அக்காவின் திகதியும் அதே நாளில் வருமாறு.